வெடிப்பு விட்ட தொட்டியில் ரோகு வளர்த்த பதிவு

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடற்கரைக் குப்பத்துக்கும் நெல்வயலுக்கும் நடுவே இருக்கிறது. ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலுமாக 34 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் வயல்வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அறிவியல் பாடம் எடுப்பவள் நான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பெரியவர்களானதும் என்ன வேலைக்குப் போக விரும்புகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். போலீஸ், டீச்சர், நர்ஸ், டாக்டர் ஆகிய நான்கே நான்கு வேலைகள்தான் 34 தாள்களிலும் மாறிமாறி வந்தன. ஒரு பையன் மட்டும் முதலில் ‘போட்டு டிரைவர்’ (படகு ஓட்டுநர்) என்று எழுதி, அதை அழுத்தமாக அடித்துவிட்டு, ‘போலீஸ்’ என்று மாற்றியிருந்தான். அவன் ஏன் அதை அடித்தான் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மீனோடு தொடர்புடைய வேலை எதுவும் பள்ளிக்கூடத்துத் தாளில் எழுதத் தக்கதல்ல என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த யாரோவில் நானும் ஒருத்தியாக இருக்கக்கூடும். மீன் வளர்க்கும் தொட்டி ஒன்றை அமைப்பது என்ற முடிவு அந்த வாரம் எடுத்ததுதான்.

பள்ளியின் பின்புறத்தில் 500 லிட்டர் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு விட்டு, ஓணான் குடியிருக்கும் நிலையில் கிடந்தது. தலைமை ஆசிரியரின் அனுமதியோடு அதை எடுத்துக் கழுவிக் காயவைத்தோம். வாய் குறுகலாக இருந்தால் உள்ளே கைவிட்டு வேலை செய்ய முடியாது என்பதால், மேல்வளைவு முழுவதையும் ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்தோம். அறுத்தெடுத்த துண்டை வீசாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

முதலில் செய்த ஒட்டு தோற்றது. கடையில் கிடைக்கும், இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்து அப்பும் பசையை வெடிப்பின் மேல் வைத்து, ஒருநாள் இறுகவிட்டுத் தண்ணீர் நிரப்பினோம். மறுநாள் காலையில் அந்தப் பசை அப்பளம்போல முழுத்தகடாகப் பெயர்ந்து மிதந்தது. குறை பசையில் இல்லை. இவ்வகைத் தொட்டிகள் பாலிஎத்திலீனால் ஆனவை. அதன் மேற்பரப்பு மெழுகைப்போல வழுவழுப்பானது என்பதால், எந்தப் பசையும் அதைப் பற்றிக்கொள்வது கடினம். அதை அதனோடேயே உருக்கிச் சேர்ப்பதுதான் வழி என்று, குழாய் வேலை செய்யும் ஒரு மாணவனின் மாமா சொன்னார். வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க அதன் இரு முனைகளிலும் சிறு துளை போட்டார். பிறகு வெடிப்பின் உதடுகளைக் கத்தியால் சரிவாகச் சீவி, அறுத்து வைத்திருந்த மேல்வளைவுத் துண்டிலிருந்து விரற்கடை அகலத்தில் நறுக்கிய பட்டைகளைச் சால்டரிங் அயர்னால் உருக்கி, உள்ளும் புறமும் இழைத்துவிட்டார். புகை மூச்சுக்கு ஆகாது என்பதால் இந்த வேலை மரத்தடியில், பிள்ளைகளைக் காற்று வரும் பக்கம் நிறுத்திவைத்துச் செய்யப்பட்டது. தொட்டி வெடித்ததற்கு மூலகாரணம் அது நின்றிருந்த மேடு பள்ளமான தரை என்பதையும் அவரே காட்டிக் கொடுத்தார். அதனால் புதிய இடத்தில் நான்கு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, நீர்மட்டக் கருவி வைத்துச் சமன்செய்து, அதன்மேல் தொட்டியை வைத்தோம்.

இனிமேல் கசியாது என்பதை எப்படி உறுதிசெய்வது? தண்ணீர் நிரப்பிச் சாக்கட்டியால் கோடு போட்டு இரண்டு நாள் வைத்தோம். மட்டம் 7 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கசிகிறது என்றே நான் எண்ணினேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “வெயிலுக்கு வத்தியிருக்கலாம் டீச்சர்” என்றான். அப்படியானால் அதை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டதற்கு, தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, அதிலும் கோடு போட்டுப் பார்க்கலாம் என்றான். அடுத்த இரண்டு நாளில் வாளியும் தொட்டியும் ஒரே அளவு இறங்கின. ஒப்பீட்டுச் சோதனை என்ற சொல்லைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், ஒரு பிள்ளை தானாக அதைக் கேட்டு வாங்கியது இதுவே முதல் தடவை.

தொட்டிக்கு மேலே கீரைப்படுகை வைப்பது திட்டம். மீனின் கழிவு கலந்த நீரை மேலே ஏற்றி, ஜல்லிக்கற்கள் வழியாக வடியவிட்டால், கற்களின் மேல் குடியேறும் நுண்ணுயிரிகள் கழிவைச் செடிக்கு உரமாக மாற்றும். தெளிந்த நீர் மீண்டும் தொட்டிக்கே வரும். 200 லிட்டர் நீலப் பீப்பாய் ஒன்றை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் படுகையாக்கினோம். 80 லிட்டர் முக்கால் அங்குல ஜல்லி போட்டால் எடை என்ன ஆகும் என்று, பத்து லிட்டர் வாளியில் ஜல்லியை நிரப்பித் தராசில் நிறுத்துக் கணக்கிட்டார்கள். கல் மட்டும் 120 கிலோ, அதோடு நீரும் சேரும். நான் முதலில் எண்ணியிருந்தது பழைய பெஞ்சு ஒன்றை. இந்தக் கணக்கைப் பார்த்தபின் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கித் தூண் எழுப்பினோம். கல்லில் சுண்ணாம்பு இருந்தால் நீரின் காரத்தன்மை ஏறிவிடும் என்பதால், சில கற்களின்மேல் வினிகர் விட்டு, நுரைக்கவில்லை என்று பார்த்த பிறகே கொட்டினோம். அதே வாளியில் ஜல்லியின் இடைவெளிகள் நிரம்பும்வரை எவ்வளவு தண்ணீர் ஊற்ற முடிகிறது என்றும் அளந்தோம். நான்கு லிட்டர் பிடித்தது. அப்படியானால் 80 லிட்டர் ஜல்லிப் படுகை ஒருமுறை நிறைய 32 லிட்டர் நீர் வேண்டும்.

நீரேற்ற 18 வாட் ஏர்கூலர் மோட்டார் போதுமானதாக இருந்தது. அது மேலே ஏற்றித் தரும் நீர் பத்து லிட்டர் வாளியை 58 விநாடியில் நிரப்பியது. மணிக்கு ஏறத்தாழ 620 லிட்டர் என்று கணக்கு வந்தது. தொட்டியில் 400 லிட்டர்தான் நீர் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் மொத்த நீரும் ஒருமுறை கல்லைத் தொட்டு வந்துவிடும். மின்சாரமும் நீரும் பிள்ளைகளின் கைகளும் ஒரே இடத்தில் கூடும் வேலை இது. மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்சை மின்பணியாளரைக் கொண்டு பொருத்திய பிறகே மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கினேன். யார் தொட்டிக்குள் கைவிட்டாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்ற விதியைச் சுவரில் எழுதியும் வைத்தோம்.

படுகை தானாக நிறைந்து தானாக வடிய வேண்டும். அதற்கு மணி வடிவச் சைபன் என்ற எளிய ஏற்பாடு உண்டு. படுகையின் அடியிலிருந்து ஓர் அங்குலக் குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன்மேல் மூன்று அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை, தலையில் மூடி போட்டு, அடியில் பிளவுகள் வெட்டிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நீர் உள்குழாயின் வாய்க்கு ஏறி வழியத் தொடங்கும்போது மணிக்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு போகும். பிறகு சைபன் பிடித்துக்கொண்டு படுகை முழுவதையும் உறிஞ்சி இறக்கும். நீர்மட்டம் அடிப்பிளவுக்கு வந்ததும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். தாளில் படம் போட்டபோது இது ஐந்து நிமிட வேலையாகத் தெரிந்தது. நடைமுறையில் ஒன்பது நாள் ஆயிற்று.

முதல் மூன்று நாளும் சைபன் பிடிக்கவேயில்லை. நீர் உள்குழாயின் விளிம்பில் மெல்லிய படலமாக வழிந்து சுவரோடு ஒட்டி இறங்கியதே தவிர, குழாயை அடைத்துக்கொண்டு இறங்கவில்லை. வருகிற நீருக்குக் குழாய் அகலம் அதிகம். சிறிய குழாய் போடுவதானால் படுகையின் அடியில் குழாயைப் பிடித்திருக்கும் இணைப்பான டேங்க் நிப்பிளையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், வேறு இரண்டு மாற்றங்களைச் செய்தோம். உள்குழாயின் தலையில் புனல்போல ஒரு ரெட்யூசரைச் செருகினோம், வெளியேறும் முனையில் இரண்டு எல்போக்களை (வளைந்த இணைப்புகளை) போட்டு நீரின் ஓட்டத்தைச் சற்றுத் தடுத்தோம். புனல்வாயில் நீர் கனமாகச் சேர்ந்து விழுந்ததும், எல்போவில் தேங்கிய நீர் அடியிலிருந்து காற்று திரும்பி ஏறாமல் தடுத்ததும் சேர்ந்து, நான்காம் நாள் பெரும் உறிஞ்சல் சத்தத்தோடு சைபன் பிடித்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஓடி வந்து பார்த்தார்கள்.

பிடித்த சைபன் விடவில்லை. அடிப்பிளவுகளில் ஜல்லித் துகள் அடைத்திருந்ததால் காற்று கொஞ்சங்கொஞ்சமாகவே புகுந்தது. உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் சமமாகிப் படுகை காலியாகவே கிடந்தது. நான்கு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றில் நிறையத் துளை போட்டு, மணியைச் சுற்றி வேலியாக நிறுத்தினோம். மணியின் தலையில் துளையிட்டு மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையை அடிப்பிளவுக்குச் சற்று மேலே தொங்கவிட்டோம். மட்டம் அந்த முனைக்குக் கீழே போன கணத்தில் மணிக்குள் காற்று பாய்ந்து சைபன் சுத்தமாக அறுந்தது. அதன்பிறகு நிறைய மூன்று நிமிடம், வடிய ஒன்றரை நிமிடம் என்று கடிகாரம்போல ஓடியது. 32 லிட்டரை மணிக்கு 620 லிட்டரால் வகுத்து, மூன்று நிமிடம் என்ற விடையைப் பிள்ளைகள் முன்னமே எழுதி வைத்திருந்தார்கள்.

எந்த மீனை வளர்ப்பது என்பதில் வாக்குவாதம் வந்தது. ஜிலேபி மீன்தான் வேண்டும் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். வாய்க்காலில் தூண்டில் போட்டால் அதுதானே கிடைக்கிறது. அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மீன் என்பதும், 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்பதும் அவர்களுக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. திலேப்பியா எனப்படும் இந்த ஜிலேபியை வளர்க்க அரசின் அனுமதி வேண்டும் என்பதால் அதை விட்டு, ரோகுவைத் தேர்ந்தோம். ரோகுவின் கதையும் சொல்லத் தக்கது. ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் ஆற்றுவெள்ளத்தில் முட்டையிடுமே தவிரத் தேங்கிய குளத்தில் இடுவதில்லை. அதனால் ஒரு காலத்தில் ஆற்றில் வலை கட்டிக் குஞ்சு பிடித்துத்தான் குளத்தில் விட வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஹிராலால் சௌதுரியும் அவரோடு பணியாற்றியவர்களும் ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, இவ்வகைப் பெருங்கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தார்கள். அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் நாள். எட்டாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகளைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிட்யூட்டரி என்பது வெறும் பெயர். அது ஒரு மீன்தலையிலிருந்து எடுக்கப்பட்டு, இன்னொரு மீனுக்கு ஊசியாகி, நாடு முழுவதும் குளங்களை நிரப்பியது என்றபோது, மீனுக்கு ஊசி போடுவதற்கும் ஒரு வேலை உண்டா என்று கேட்டார்கள். உண்டு, குஞ்சுப் பொரிப்பகங்களில் இன்றும் நடக்கும் வேலை அது என்றேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில், சராசரி 6 கிராம் எடையுள்ள 25 விரலிகள் (விரலளவு மீன்குஞ்சுகள்), மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்பிய பாலித்தீன் பையில் வந்து சேர்ந்தன. பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பநிலை ஒத்த பிறகு, தொட்டி நீரைக் குவளை குவளையாகப் பைக்குள் சேர்த்து, பிறகே மீனை வெளியே விட்டோம். தொட்டியில் இருந்தது கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் நீர். அதில் குளோரின் இருக்கும் என்பதால் இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்துப் பயன்படுத்தினோம். பள்ளியின் ஆழ்குழாய் நீர் உவர்ப்பு. ஒரு லிட்டரைக் காய்ச்சி வற்றவிட்டு, எஞ்சிய உப்பை நிறுத்ததில் ஏறத்தாழ 3 கிராம் வந்தது, கடல்நீரில் இருப்பது 35 கிராம். இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததன் பயன் பின்னால் தெரிந்தது.

முதல் இரவே இரண்டு மீன்கள் துள்ளி வெளியே விழுந்து செத்தன. ரோகு துள்ளும் என்று தெரிந்தும் மூடியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. மறுநாள் ஒரு மாணவியின் தாத்தா பழைய வலைத்துண்டு ஒன்றைத் தொட்டியின் வாய்க்கு ஏற்றபடி கத்தரித்து, விரற்கடைக் கண்ணியாக முடிந்து கொடுத்தார். அவர் முடிச்சுப் போட்ட வேகத்தைப் பார்த்து நின்ற பிள்ளைகளிடம், வலையின் கண்ணியளவு, நூலின் பலம், நீரில் வலை விரியும் விதம் ஆகியவற்றையே ஆராய்வதற்கு ஒரு துறை உண்டு என்றும், கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைத்தான் செய்கிறது என்றும் சொன்னேன். தாத்தா தலையை நிமிர்த்தாமலே, “அவங்க வந்தா இங்கயும் கூட்டிட்டு வாங்க டீச்சர்” என்றார்.

அடுத்து வந்த பிசகு முழுக்க என் பொறுப்பு. கற்களின்மேல் நுண்ணுயிரிகள் குடியேறக் குறைந்தது நான்கு வாரமாகும். நான் பன்னிரண்டே நாளில் மீனை விட்டுவிட்டேன். போதாததற்கு, 23 மீன்களின் மொத்த எடை 140 கிராம்கூட இல்லாதபோது, நாளொன்றுக்கு 6 கிராம் தீனியே போதும் என்ற நிலையில், ஏழாம் வகுப்பு போடவில்லை என்று எட்டாம் வகுப்பும், எட்டாம் வகுப்பு மறந்தது என்று ஏழாம் வகுப்பும் கைப்பிடி கைப்பிடியாகத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டுக்கொண்டிருந்தன. சின்னப் பிள்ளைகள் சத்துணவுச் சோற்றைக் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டாவது வாரத்தில் நீர் கலங்கி நாற்றமெடுத்து, ஐந்து மீன்கள் செத்தன. வண்ணமீன் கடையில் வாங்கிய சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டால் குப்பி கரும்பச்சையானது. அம்மோனியா.

நீரின் காரத்தன்மை எண் (pH) 8 ஆக இருந்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது. 30 பாகை வெப்பத்தில், காரத்தன்மை எண் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் நஞ்சான வடிவில் இருக்கும். எண் 8 ஆனால் அது ஏழெட்டுப் பங்காகிவிடும். தீனியை இரண்டு நாள் நிறுத்தினோம், தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். அந்த வண்ணமீன் கடைக்காரர் தம் வடிகட்டியில் ஊறிய பழைய பஞ்சைக் கொடுத்தார். அதைப் படுகையில் பிழிந்துவிட்டது நுண்ணுயிரிகளுக்கு விதைபோட்டது போலாயிற்று. தீனிக் குழப்பத்துக்கு ஏழாம் வகுப்பே தீர்வு கண்டது. ஒரு வாரத்துத் தீனியைத் திங்கட்கிழமையே எடைபோட்டு, நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம்போலக் காகிதத்தில் மடித்து, நாள் எழுதிப் பெட்டியில் வைத்தார்கள். பொட்டலம் பெட்டியில் இருந்தால் அன்றைக்குத் தீனி போடவில்லை என்று பொருள், இல்லாவிட்டால் போட்டாயிற்று.

ஒரு வாரத்தில் அம்மோனியா குறைந்தது. குப்பி மஞ்சளாகவே நின்றது. ஆபத்து நீங்கியது என்று நான் எண்ணிய நாளில் மீண்டும் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. காற்றுக்குமிழ் விடும் கருவி ஓடிக்கொண்டிருந்தது, சைபனும் ஓடிக்கொண்டிருந்தது, அம்மோனியாவும் இல்லை. ஒரு மீன் எங்கள் கண்ணெதிரே செத்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைக் கையில் எடுத்து, பழக்கதோஷமாகச் செவுள்மூடியைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய அம்மா கூடையில் மீன் விற்பவர்.

“இப்பதானே டீச்சர் செத்துது? செவுளு நாலு நாள் மீன் மாதிரி இருக்கு.”

இரவே செத்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது செத்ததை நானே பார்த்திருந்தேன். அவள் விடவில்லை. வாய் பிளந்துகொண்டிருந்த இன்னொரு மீனைக் கைவலையில் எடுத்து, ஈரக்கையோடு பிடித்துச் செவுளைத் தூக்கிக் காட்டினாள். உயிருள்ள மீனின் செவுளும் செக்கச்செவேலென்று இல்லாமல், டீத்தூளின் நிறத்தில் இருந்தது. மீன் வாங்கும் எல்லோருக்கும் செவுளைப் பார்க்கத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த அறிவைக் கடைத்தெருவிலேயே விட்டுவிட்டு வகுப்பறைக்குள் நுழைகிறவள் நான். அவள் அதைத் தொட்டிவரைக்கும் கொண்டுவந்திருந்தாள்.

அன்று மாலையே, மீன்வளப் படிப்பில் இறுதியாண்டு படிக்கும் எங்கள் பழைய மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். செவுளின் நிறத்தைச் சொன்னதுமே, “நைட்ரைட் பாருங்க டீச்சர்” என்றாள். அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிரி நைட்ரைட்டாக மாற்றுகிறது, நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டாவது வகை மெதுவாகவே பெருகும் என்பதால், இடைப்பட்ட நாட்களில் நைட்ரைட் தேங்கி நிற்கும். அது செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாத பழுப்பு நிறப் பொருளாக மாற்றிவிடுகிறது. நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் மீன் மூச்சுத் திணறுவது அதனால்தான். இதற்குப் பழுப்பு இரத்த நோய் என்றே பெயர். நகரத்திலிருந்து நைட்ரைட் சோதனைத் திரவம் வருவதற்குள் இன்னும் இரண்டு மீன்கள் போயின. வந்த திரவம் அட்டையின் கடைசிக் கட்டத்து அடர்ந்த இளஞ்சிவப்பைக் காட்டியது.

இதற்கான மருந்து சாதாரண உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வழியில் போட்டிபோட்டு அதைத் தடுக்கிறது. லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் உப்பு போதும் என்றாள் பழைய மாணவி. ஆற்றுமீனுக்கு உப்பா என்று கடற்கரைப் பிள்ளைகளே வியந்தார்கள். உப்பு வாங்கக் காசு எடுத்தபோது, உப்பைக் காய்ச்சி எடுத்த குழுவிலிருந்த ஒருவன் குறிப்பேட்டைப் புரட்டி, நம் ஆழ்குழாய் நீரிலேயே லிட்டருக்கு 3 கிராம் இருக்கிறதே என்றான். 400 லிட்டரில் 100 லிட்டரை எடுத்துவிட்டு ஆழ்குழாய் நீரை ஊற்றினால் லிட்டருக்கு முக்கால் கிராம் ஆகும். அப்படியே செய்தோம். மூன்றாம் நாள் மீன்கள் வாய் பிளப்பதை நிறுத்தின. அடுத்த பத்து நாளில் நைட்ரைட் குறைந்து நைட்ரேட் ஏறியது, படுகையில் நட்டிருந்த பொன்னாங்கண்ணிக் குச்சிகள் தளதளவென்று தழைத்தன. 15 மீன்கள் எஞ்சின.

பழைய மாணவி செப்டம்பரில் நேரில் வந்தாள். மேடை போட்டுப் பேசவைக்காமல் தொட்டியின் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். நாகப்பட்டினத்தில் 2012இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தையும், தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரியையும் சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தால் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம் என்றாள். அதைவிடப் பிள்ளைகளைக் கவர்ந்தது அவள் கேட்ட கேள்விகள்: பொட்டலத் தீனியை யார் எடைபோட்டது, செவுளை யார் பார்த்தது, சைபனுக்குக் காற்றுக்குழாய் போட்டது யார்? தீவன ஆலைகளில் தீனியின் சத்தைச் சோதிக்கும் வேதியியலாளர், மீன்நோய் ஆய்வகத்தில் செவுளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர், பண்ணையின் நீரேற்றும் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர் என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வேலையைக் கோத்தாள். உவர்நீர் பற்றிப் பேச்சு வந்தபோது, சென்னையில் 1987இல் அமைந்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவா மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்ததைச் சொன்னாள். கொடுவாவின் விலை தெரிந்த பிள்ளைகள் என்பதால் அதன் மதிப்பை விளக்க வேண்டியிருக்கவில்லை. போட்டு டிரைவர் என்று எழுதி அடித்த பையன், கப்பல் ஓட்டப் படிப்பு உண்டா என்று கேட்டான். மீன்பிடிக் கப்பல்களைச் செலுத்துவதற்கும் அவற்றின் எந்திரங்களைப் பராமரிப்பதற்கும் பயிற்சி தரும், கொச்சியில் உள்ள மத்திய நிறுவனம் சென்னையிலும் கிளை வைத்திருக்கிறது என்றாள். நிறுவனத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி அவன் வாங்கிக்கொண்டான்.

எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று எழுதினால் பொய்யாகும். வயல்வேலைக் குடும்பத்துத் தந்தை ஒருவர் என்னிடம் வந்து, “பசங்களுக்கு எறால் குட்டை போடச் சொல்லித் தர்றீங்களா டீச்சர்?” என்று கோபமாகவே கேட்டார். இறால் குட்டைகளின் உப்பு வயலில் இறங்கியதை இந்தக் கரை கண்டிருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததும், 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்ததும் அதன் தொடர்ச்சி. நான் அவரிடம் வாதாடவில்லை. மறுநாள் வகுப்பில் அவர் சொன்னதையே பாடமாக வைத்து, எங்கள் தொட்டியிலிருந்து நாங்கள் வாளி வாளியாக எடுத்துக் கொட்டிய கழிவுநீர் எங்கே போனது என்று கேட்டேன். பள்ளித் தென்னைக்குத்தான் போனது. ஆனால் உப்புநீர் கலந்த வாரத்திலும் அங்கேயே கொட்டியிருக்கிறோம் என்று ஒரு மாணவி குறிப்பேட்டிலிருந்து காட்டினாள். குட்டையிலிருந்து வெளியேறும் நீரைச் சோதிப்பதும் ஒருவருடைய வேலைதான் என்பது பட்டியலில் சேர்ந்தது.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடைசியாகப் போனவர் பழைய பழக்கத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஓடி வந்து பார்த்தபோது மீன்கள் எல்லாம் உயிரோடிருந்தன. 400 லிட்டரில் முக்கால் கிலோகூட இல்லாத மீன் என்பதால், நீரின் மேற்பரப்பு வழியே சேர்ந்த ஆக்சிஜனே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். படுகையின் அடியில் தேங்கிய நீர் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அந்த நீரைத் தொட்டிக்குள் இறக்காமல் வெளியே வடித்துவிட்டு, இரண்டு முறை அலசி, மோட்டாரை மீண்டும் ஓட்டினோம். இப்போது மெயின் சுவிட்சின் மேல் மீன்படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுக்குமிழ்க் கருவியும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நிறைந்து வழிந்தபோது மீன் வெளியேறாதிருக்க, வழிகுழாயின் வாயில் தாத்தாவின் வலைத்துண்டில் மிச்சமிருந்ததைக் கட்டினோம்.

டிசம்பரில் எடைபோட்டபோது சராசரி எடை 41 கிராம். 15 மீன்களும் சேர்ந்து கூடியது 525 கிராம், போட்ட தீனி 1,150 கிராம். ஒரு கிராம் மீனுக்கு 2.2 கிராம் தீனி ஆகியிருக்கிறது. செத்த மீன்கள் தின்றதும், அழுகிப்போன தவிடும் இந்தக் கணக்கில் சேர்ந்திருப்பதால் இது சரியான எண் அல்ல என்று செவுளைப் பார்த்த மாணவி எழுதியிருக்கிறாள். அவள் சொல்வதுதான் சரி. பொட்டலம் தொடங்கிய நாளிலிருந்து தனியாகக் கணக்கிட, அந்தத் தேதியில் எடை நிறுத்திருக்க வேண்டும், நாங்கள் நிறுக்கவில்லை.

இப்போது எங்கள் முன் இருப்பது கோடை விடுமுறை. மீன்களை ஊர்க்குளத்தில் விட்டுவிட்டால், கல்லிலுள்ள நுண்ணுயிரிகள் தீனியில்லாமல் மடிந்து, ஜூனில் மறுபடியும் அம்மோனியாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் ஐந்து மீன்களை மட்டும் தொட்டியிலேயே வைப்பதென்றும், பள்ளிக்கு அடுத்த தெருவில் வீடுள்ள மூன்று பேர் முறைபோட்டு வருவதென்றும் முடிவாகியிருக்கிறது. 45 நாளுக்கான பொட்டலங்களை மடிக்க, செய்தித்தாளை இந்த வாரம் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.